ஒசாகாவில் எடுத்த மீசை

தந்தியில் ‘சீரியஸ்’ என்று வந்தால் ஆள் போயாகிவிட்டது என்று அர்த்தம். எழுபதுகளில் வெளிநாட்டில் இருந்த தமிழனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி அடித்தால் தூரத்தில் இருப்பவன் வழியிலேயே இடிந்து போவான் என்று, மூச்சு நின்ற பிறகும் சீரியஸ் என்றே அடிப்பார்கள். அப்பா போனபோது எனக்கு வந்த தந்தி அதுதான். மாமா போனபோதும் அதேதான். உயிரோடு இருந்த எவரும் எங்கள் குடும்பத்தில் அதுவரை சீரியஸாக இருந்ததே இல்லை.

அம்மாவைப் பற்றிய தந்தி மாண்ட்ரியல் வீட்டுக்கு வந்தபோது நான் ஒசாகாவில் இருந்தேன். மாண்ட்ரியலை ஒட்டிய சென்ட் லோரன்ட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை, வாங்கப்போகும் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்க என்னை அனுப்பியிருந்தது. அனுப்பியவர்களுக்குக் கை இறுக்கம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மலிவான ஹோட்டல். கட்டில் போக மிச்சம் இருந்த தரையில் பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெளியே ஊரே ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறைக்குள் இரைச்சல் மட்டும் வரும், ஒரு மனித முகம் தெரியாது.

மனைவி போன் செய்தாள். அங்கே அவளுக்கு ராத்திரி, எனக்குக் காலை. கீழே வரவேற்பு மேஜையில்தான் போன்.

“ஏங்க, அண்ணன் தந்தி அடிச்சிருக்காரு. அம்மா சீரியஸாம். உடனே கிளம்பி வரச் சொல்லி...” என்றாள். ஏழு கடல் தாண்டி அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளும் தந்தியைச் சரியாகத்தான் படித்திருந்தாள்.

விமானம் மறுநாள்தான் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். இளையவன் நான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், என் இடத்தில் அண்ணன் நின்றிருப்பார் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எதையாவது செய்தாக வேண்டும் போல் இருந்தது. அந்த அறையில் என்னதான் செய்ய முடியும்? குளியலறைக் கண்ணாடி முன் நின்று மீசையை எடுத்தேன்.

அந்தக் குளியலறை முழுக்க ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. தொட்டி, அண்டாவைப் போல ஆழம். முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியும். அதில் உட்கார்ந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. சின்ன வயதில்கூட நான் அப்படி அழுததில்லை. அம்மாவிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொல்லி, வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறையில் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது, மெல்லிய சுவர். என் சத்தம் கேட்டதும் அது சட்டென்று நின்றது. அந்த மனிதர் அதற்குப் பிறகு ரேடியோவைப் போடவே இல்லை. மறுநாள் நடையில் எதிர்ப்பட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து வணங்கினார்.

சென்னையில் டாக்சியை விட்டு இறங்கியதும் எனக்குக் குழப்பம். வாசலில் பந்தல் இல்லை. செருப்புக் குவியல் இல்லை. உள்ளே போனால் அம்மா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். மாரடைப்பு வந்து, பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்து, பிறகு பிழைத்துவிட்டாளாம்.

“சீரியஸ்னுதானேடா அடிச்சேன்?” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

வீடே என் மேலுதட்டைப் பார்த்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அம்மா கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “சாப்பிட்டியா?” என்றாள், அவ்வளவுதான்.

சந்தோஷப்பட வேண்டியவன் நான். பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் உள்ளே இறங்கவில்லை. என் மனதில் அம்மா போய்விட்டாள். அழுது, தலை முழுகி, அனுப்பியும் வைத்தாயிற்று. கட்டிலில் இருந்தவளோடு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் அண்ணனுக்கு வடக்கே மாற்றலானது. அம்மா எங்களோடு மாண்ட்ரியலுக்கு வந்துவிட்டாள். வெகு சீக்கிரம் தேறிவிட்டாள். மூலைக்கடைக்காரிக்கு பிரெஞ்சில் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்வாள், பேரனோடு டிவி பார்த்துச் சிரிப்பாள். நான்தான் தேறவில்லை. கம்பளத்தில் வெறுங்காலோடு சத்தமில்லாமல் நடப்பாள். ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடியில் பின்னால் அவள் முகம் தெரிந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். படித்த இன்ஜினியர், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பலமுறை அவள் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவள் பரிமாறியபோது குனிந்து பார்த்தேன். “என்ன தேடறே?” என்று கேட்டாள். ஸ்பூன் விழுந்துவிட்டது என்றேன். அவளோடு தனியாக இருக்க நேர்ந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். மனைவிக்கு இது புரியவில்லை. பெற்ற தாயிடம் இப்படி ஒதுங்குகிற மனுஷனை நான் பார்த்ததில்லை என்று சண்டை போட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வேன்?

ஒரு பனிப்புயல் நாளில் தப்பிக்க வழியில்லாமல் போனது. புயல் வலுக்கும் முன்பே மனைவி வேலைக்குப் போய்விட்டாள், பையன் பள்ளிக்கூடத்தில். என் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பஸ் நின்றுவிட்டது. ஜன்னலில் பனி அப்பி, வெளியே எதுவும் தெரியவில்லை. அம்மா மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

“அந்த ஜப்பான்ல எப்படிடா அழுதே?” என்றாள்.

வந்த நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். பேப்பரை இறக்கினேன்.

“சத்தமாவா, அடக்கிக்கிட்டா?”

“சத்தமாத்தாம்மா.”

“பக்கத்துல யாரும் இல்லையா?”

“பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருந்தாரு. நான் அழறதைக் கேட்டு ரேடியோவை அணைச்சிட்டாரு.”

“நல்ல மனுஷன்” என்றாள். கை பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தது. முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. சாவுக்கு வராத சொந்தக்காரி, வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிப்பதைப் போலக் கேட்டாள். “என்ன சொல்லி அழுதே?”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“எல்லாருக்கும் செத்தப்புறம்தான் சொல்லுவாங்க, அவங்க காதுல விழாது. எனக்கு மட்டும் காது இருக்கு. அதுல ஒண்ணாவது சொல்லேன்டா. நான் இங்கதானே உக்காந்திருக்கேன்.”

உரிப்பதை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவள் முகம் எனக்குத் தெரியாதா? நாக்கு வரை வந்தது. ஆனால் எதிரில் இருந்தவளிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவை போனவளுக்காகச் சொன்னவை.

“ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

“அப்படியா” என்றாள். இன்னொரு பட்டாணியை எடுத்தாள். மறுபடி அவள் கேட்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, இதே மாண்ட்ரியலில், தூக்கத்தில் போனாள். நான்தான் எல்லாம் செய்தேன். எனக்கு யாரும் தந்தியில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தனை திடமான மகன் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அன்று அவளிடம் சொல்லாத ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது. இன்னும் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும் பகல்களில் அவள் எதிரில் வந்து உட்கார்கிறாள், கையை மடியில் வைத்துக்கொண்டு. நான் சொல்கிறேன், ஒன்று விடாமல். அவள் காதில் விழுவதாகத் தெரியவில்லை.