விடாமல் அமுக்கிய பட்டன்

குவைத்துக்கு வேலைக்குப் போன மச்சானோடு நான் திருப்பதியிலிருந்து போனில் கால்பந்து ஆடுவேன். ஒருமுறை, தோற்றவன் மொட்டை அடிக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினோம். என் ஆள் தொட்டதுமே பந்து எதிராளியின் காலுக்கு ஓடியது. நெட்வொர்க்கைத் திட்டினேன், போனைத் திட்டினேன்.

"மாமா, ஓடற பட்டன அமுக்கிக்கினே இருந்தா பந்து எப்டி கால்ல நிக்கும்? வுட்டு வுட்டு அமுக்கு," என்றான் மச்சான்.

என்னிடம் சைக்கிள் பழகிய பயல் எனக்குச் சொல்லித் தருவதா? பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அழுத்திப் பிடித்தேன். ஐந்து கோல் வாங்கினேன்.

மலையில் மொட்டை அடித்துக்கொண்டு லாட்ஜ் வேலைக்குத் திரும்பினேன். சிரிப்பவர்களுக்குச் சொல்லப் பதில்கூட வைத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தரிசனம் நல்லா ஆச்சா?" என்றார் ஓனர்.

இந்த ஊரில் மனிதன் ஒழுங்காக அவமானப்படக்கூட முடியாது.