இரண்டாவது கட்டில்

அத்தாவின் வீட்டில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கிறது. என் போனில் இருக்கும் அந்த வீட்டின் வரைபடத்தில் இரண்டு. இரண்டாவது எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மட்டாஞ்சேரியில், ஜூ டவுனுக்குப் பின்னால், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் அத்தா, என் தகப்பனார், தனியாக இருந்தார். அம்மா இறந்த பிறகும் அங்கேயேதான். வாழ்நாள் முழுக்க மிளகுக்கும் சுக்குக்கும் தரகு பார்த்தவர். நான் பள்ளி ஆசிரியை. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்க, இடப்பள்ளியில் ஒரு ஃப்ளாட்டில் ப்ளஸ் டூ படிக்கும் மகளோடு இருக்கிறேன். டியூஷன் முடிந்து அவள் கலூரில் பஸ் ஏறிவிட்டாளா, அத்தா மாத்திரை போட்டுவிட்டாரா என்று போனில் கேட்பதிலேயே என் சாயங்காலங்கள் போகும். "நீ டீச்சர் இல்லம்மா, கண்ட்ரோல் ரூம்" என்பாள் மகள்.

சென்ற மழைக்காலத்தில் அத்தா மரப்படியில் சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் லேசான விரிசல். நான் காலிப் பெட்டியோடு போய் நின்றேன், துணிமணிகளை அள்ளி அவரைக் கையோடு கூட்டி வந்துவிட. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேரத்தைத் தொடங்கினார்.

"இப்போ விழுந்தது கணக்கில்ல மோளே. படியில ஈரம். இன்னொரு வாட்டி விழுந்தா ஒண்ணும் மிண்டாம, வாயத் திறக்காம உன் கூட வந்துடறேன். சம்மதமா?"

"சம்மதம். ஆனா விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்ல மாட்டீங்களே."

"அதுக்கு நீ ஏதாச்சும் வழி பண்ணிக்கோ. கேமரா மட்டும் வேண்டா. நான் லுங்கி மாத்தறத நாடு பாக்கவேண்டா."

அப்படித்தான் அந்த வெள்ளைப் பெட்டி கூடத்தின் உத்தரத்துக்கு வந்தது. அது படம் பிடிக்காது. ஆள் எங்கே இருக்கிறார், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பது மட்டும் அதற்குத் தெரியும். என் போனில் அத்தா ஒரு நீலப் புள்ளி. புள்ளி தரையோடு தரையாகக் கொஞ்ச நேரம் கிடந்தால், பெட்டி மலையாளத்தில் "சுகமல்லே?" என்று நலம் விசாரிக்கும். பதில் இல்லையென்றால் என் போனில் அபாய மணி அடிக்கும்.

முதல் வாரமே அடித்தது. பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. கீழே இருக்கும் கிடங்குக்காரருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் படியேறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு ரகசியக் குரலில் பேசினார்.

"இத்தா, மூப்பரு தொழுகையில இருக்காரு. நெத்தியத் தரையில வெச்சிருக்காரு. எழுப்பவா?"

"ஐயோ, எழுப்பாதீங்க! மூச்சு இருக்கான்னு பாருங்க."

"மூச்சு உண்டு. தா, சலாம் கொடுத்தாச்சு. இப்போ என்னைச் சீத்த விளிக்கறாரு."

பின்னால் அத்தா அவரைத் திட்டுவது எனக்கே கேட்டது.

அத்தாவின் சுஜூது எப்போதும் நீளமானது. நெற்றியைத் தரையில் வைத்தால் எழவே மாட்டார். அந்த நேரத்தில்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டிக்கோ அது விழுந்து கிடக்கும் மனிதன்; அது கேட்டால் தொழுகைக்கு நடுவே அவர் பதில் பேசவும் முடியாது. தினமும் மணி. "படைச்சவன்கிட்ட பேசறப்போ நடுவுல இது என்கிட்ட சுகம் விசாரிக்குது" என்றார் அத்தா.

பெட்டியை மாட்டிய கடையிலிருந்து ஒருவர் வந்தார். அத்தா தொழுவதற்கு முசல்லா விரித்திருந்த இடத்தைப் பார்த்தார். என் போனை வாங்கி, வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் போட்டார்.

"சேச்சி, இதக் கட்டில்னு போட்டுடலாம். கட்டில்ல ஆளு கிடந்தா அது ஒண்ணும் கேக்காது."

கட்டில் 2 என்று எழுத்து விழுந்தது. அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்போ இங்க நான் என்ன செஞ்சாலும் அதுக்குத் தெரியாதா?"

"தெரியும் மூப்பரே. ஆனா பேடிக்காது, பயந்து மணி அடிக்காது."

"இப்படி ஒரு மகள் எனக்கு இருந்திருக்கலாம்" என்றார் அத்தா. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு பல மாதங்கள் மணி அடிக்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அன்று மதியம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. போனைப் பார்த்தபோது 'கட்டில் 2, ஓய்வில் இருக்கிறார்' என்று இருந்தது. தொழுகிறார் என்று நினைத்தேன். ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். அதே கட்டில் 2. அத்தா பகலில் படுக்கிறவர் அல்ல. கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன மோளே?"

"என்ன செய்றீங்க அத்தா?"

"சும்மா இருக்கேன். நீ சோறு தின்னாச்சா?"

"ஆச்சு. குரல் ஏன் இப்படி இருக்கு?"

"மழைல்ல. குளிரு. இன்னைக்கு நீ வரவேண்டா, கேட்டியா."

அன்று நான் அங்கே போகும் நாள் அல்ல. வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. விடைத்தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். அத்தா முசல்லாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையில் தொப்பி நேராக இருந்தது.

"காத்து நல்லா வருது. அதான் இங்க படுத்தேன்" என்றார்.

ஜன்னல்கள் மூடியிருந்தன. அவருடைய இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, வேறு யாருடைய காலோபோலக் கிடந்தது. சமையலறை வாசலில் தம்ளர் உருண்டிருந்தது. அங்கிருந்து முசல்லா வரை சிவப்புத் தரையில் சாயா ஒரு அகலப் பட்டையாக இழுபட்டுக் காய்ந்திருந்தது.

"எங்க விழுந்தீங்க?"

"விழல."

கிடங்குக்காரரும் இரண்டு சுமைத் தொழிலாளிகளும் அவரை நாற்காலியில் வைத்துப் படியிறக்கினார்கள். வலியில் முகம் வெளுத்திருந்தது. பாதிப் படியில் என்னைக் கூப்பிட்டார்.

"அது மணி அடிச்சுதா?"

"இல்ல அத்தா."

"அப்போ விழுந்த கணக்கில்ல. பேச்சு பேச்சுதான்."

தூக்கியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஞாபகம் இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது மகள் என் போனை வாங்கி நோண்டிக்கொண்டிருந்தாள். "ம்மா, இதுல முன்னாடி நடந்ததயும் பாக்கலாம்" என்றாள். போனை என் மடியில் வைத்துவிட்டுத் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்றைய பதிவில், சமையலறை வாசலில் நீலப் புள்ளி சட்டென்று தாழ்ந்து ஆரஞ்சு நிறமானது. பெட்டி கேட்டிருக்கிறது. பதில் கிடைத்தது என்று அதில் இருந்தது. புள்ளி கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி கேட்டிருக்கிறது. மறுபடி பதில். வாசல் கதவு ஒரு பக்கம் இருந்தது. அங்கே போய்த் தட்டியிருந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்டிருக்கும். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. புள்ளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நின்று நின்று, நேராக இரண்டாவது கட்டிலுக்குப் போனது. அந்தக் கட்டத்தின் கோட்டைத் தாண்டியதும் பச்சையானது.

பெட்டி குரலைப் பதிவு செய்து வைப்பதில்லை. உடைந்த இடுப்போடு தரையில் இழுபட்டுக்கொண்டே, உத்தரத்தைப் பார்த்து அவர் "சுகம்" என்று சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்காததால்தானோ என்னவோ, அது பல விதமாக என் காதில் விழுகிறது. சில சமயம் மூச்சு வாங்கியபடி. சில சமயம் சாதாரணமாக, கடைத்தெருவில் யாரோ விசாரித்ததற்குச் சொல்வதுபோல. வகுப்பில் புரிந்ததா என்று கேட்கிறேன். பிள்ளைகள் ஒரே குரலில் ஆமாம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வருவதில்லை. மகள் பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று சொன்னால், ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். அவள் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை, பொறுமையாகச் சொல்கிறாள்.

அத்தா எங்களோடு இருக்கிறார். மரப்படி இனி ஆகாது என்றார் மருத்துவர். அத்தா வாதாடவில்லை, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. பெட்டியை இன்னும் கழற்றவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று அது காலைதோறும் செய்தி அனுப்புகிறது.

அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எழுவதற்கு முன் என்னிடம் கேட்கிறார். இன்று காலையும் வாக்கரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, "எழுந்திரிக்கட்டுமா?" என்றார்.

"என்கிட்ட எதுக்கு அத்தா கேக்கறீங்க?"

"நீதானே பேடிக்கறவ."

பிடிக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, பால்கனிப் பக்கம் திரும்பி அவருக்கு முதுகு காட்டி நின்றேன். நாற்காலி முனகியது. வாக்கரின் ரப்பர்க் கால்கள் தரையில் பட்டன. மறுபடி பட்டன. கூடத்தின் நடுவில் எங்கோ சத்தம் நின்றது. கீழே சாலையில் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பாக்கலயா மோளே?" என்றார் பின்னாலிருந்து.

"இல்ல அத்தா."

பிறகு வாக்கர் நகர்ந்தது, முன்னைவிடச் சற்று வேகமாக. என் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.