மூன்று நெற்றி, ஒரு கன்றுக்குட்டி

என் மூத்த மகளுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருநாள் காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்போது கூடலூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் குமுளி மலைக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போகும் மாட்டுவண்டி ஓட்டினார். மேலே ஏலத்தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மலையாளத்து டிரெஸ்ஸர் அவருக்குப் பழக்கம். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"நெத்தியில ஈரத்துணியப் போட்டு, சூடாக ஆக மாத்தணும்னு டிரெஸ்ஸர் சொல்லியிருக்காக" என்று பழைய வேட்டியைக் கிழித்தார்.

மகள் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டாள். "அய்யா மொதல்ல போட்டுக்கிறட்டும்."

என் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார்.

"ஆத்தாளுக்கு?"

நானும் போட்டுக்கொண்டேன். அடுத்து அத்தைக்கு. தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "எனக்கு என்ன நோவு மதினி?" என்று முனகிக்கொண்டே துணியை வாங்கினாள்.

"கன்னுக்குட்டிக்கு?"

முற்றத்தில் நின்ற கன்றின் தலையிலும் அவர் ஒன்றைக் கட்டிவிட்டு வந்த பிறகுதான் மகள் கையை எடுத்தாள். துணி சூடாகும்போதெல்லாம் எல்லோருக்கும் வரிசையாக மாற்ற வேண்டும். கன்று தன் துணியில் பாதியைத் தின்றுவிட்டது.

உச்சிப்பொழுதில் பிள்ளைக்கு நன்றாக வேர்த்தது. எழுந்து செம்பைத் தூக்கிக்கொண்டு அவளே எங்களுக்குத் துணி நனைக்க ஆரம்பித்தாள். "பேசாமப் படுங்க. அசையக் கூடாது." அழுதுவிடுவாளோ என்று பயந்து மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம்.

அந்த நேரம் பார்த்து, கம்பத்துக்குப் போகிற வழியில் டிரெஸ்ஸர் வீட்டுக்குள் நுழைந்தார். மலைக்காய்ச்சல் வீடு வீடாகச் சாய்த்துக்கொண்டிருந்த காலம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாருக்கும் பனியோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாத்தனாருக்கு அது தெரியாது. துணிக்கடியிலிருந்து, "பனியெல்லாம் இல்லைங்க, நல்ல வெயிலுதான் அடிக்குது" என்றாள்.

காய்ச்சல் மூளைக்கு ஏறி உளறுகிறாள் என்று எண்ணி அவர் அவசரமாகப் பையைத் திறந்தார். என் வீட்டுக்காரர் எழப் பார்த்தார். "எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. புள்ளைக்குத்தான்..."

டிரெஸ்ஸர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. "குட்டிக்கு ஒண்ணுமில்ல. நீ படு!"

மூன்று பேர் வாயிலும் மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தை ஊற்றினார். வேப்பங்காயே தேவலை. துப்பப் போன என் மூக்கைப் பிடித்து, "முழுங்குங்க ஆத்தா" என்று என் மகளே அதட்டினாள். பிறகு அவரிடம் திரும்பி, "கன்னுக்குட்டிக்கு?" என்றாள்.

அவர் முற்றத்தை எட்டிப் பார்த்தார். தலையில் பாதி வேட்டியோடு கன்று அவரைப் பார்த்தது. அதன்பிறகுதான் என் வீட்டுக்காரரை முழுதாகப் பேசவிட்டார். கேட்டு முடித்ததும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிள்ளையை மறுபடி நன்றாகப் பார்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி கொடு என்று சொல்லிப் போனார்.

அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். எங்களுக்குத்தான் கொயினா வேலையைக் காட்டியது. இரண்டு நாள் காதில் வண்டு குடைந்தது; ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"மோரு ஊத்தவா?" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"ஊருக்கா? போயிட்டு வாயேன்" என்று கத்தினார். "வண்டி கட்டவா?"

நாத்தனார் எழுந்து தன் துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.