சோதனைக்குக் கொண்டுபோன தலை

பள்ளிக்கூட நாட்களில் சோதனைக்குப் பேனாவும் அடிமட்டமும் கொண்டுபோனவன் நான். நாற்பத்திரண்டு வயதில் ஒரு தலையையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. முடிதிருத்துநர் சான்றிதழுக்கான செய்முறைச் சோதனை அப்படி. முடி நீளமாக வளர்ந்த ஒரு ஆளை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இளம் ஆட்கள் பள்ளிக்கும் கடைக்குமாக அலைந்து முறைப்படி தொழில் பழகிவிட்டு வருவார்கள். என்னைப் போல் பிந்தி வந்தவர்கள், ஐந்து வருடம் வேலை செய்ததைக் காட்டினால் நேரே சோதனைக்குப் போகலாம். ஓல்டன் நகரில் ஓர் இத்தாலியரின் சலூனில் கூட்டித் துடைத்து, தலை கழுவி, பிறகு கத்தரிக்கோல் பிடித்து அந்த ஐந்து வருடத்தையும் முடித்திருந்தேன். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

தலைக்கு என் தங்கையின் கணவனைப் பிடித்தேன். அவனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முடி புல்லுப்போல வளரும். "மூண்டு மாசத்துக்கு கத்தரிக்கோல் படக்கூடாது, மச்சான்" என்றேன். படவில்லை. இல்லத்து முதியவர்கள் அவனுக்கு என்ன வருத்தம் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். தங்கை என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

சோதனை நாள் காலை இருவரும் பேர்ண் நகருக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். ரயில் நகர்ந்ததும் மச்சான் தொப்பியைக் கழற்றினான். காதோரம் கோடு போட்டதுபோல் இருந்தது. பின்கழுத்து பளபளத்தது.

"என்னடா இது?"

"சோதனைக்கு வாற பெரியாக்களுக்கு முன்னால பரட்டைத் தலையோட போய் இருக்கிறதோ? உனக்குத்தானே மரியாதைக்கேடு. நேற்று உன்ர கடைக்குத்தான் போனனான். நீ லீவு. முதலாளியே வெட்டினவர். வடிவா இருக்கோ?"

வடிவாகத்தான் இருந்தது. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"மடையா, வெட்டுறதுக்குத்தானேடா உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்!"

நான் கத்திய கத்தலில் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பிய தலைகளைப் பார்த்தேன். இரண்டு வழுக்கை, ஒரு மொட்டை, கடைசி இருக்கையில் காதே தெரியாத ஒரு பரட்டை.

இந்த நாட்டில் ரயிலில் அறியாத ஆளுக்கு வணக்கம் சொன்னாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் போய், உங்கள் முடியை வெட்டலாமா என்று கேட்டேன். அந்த வாலிபன் பையை எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டான். அதற்குள் மச்சான் வந்து குனிந்து, தன் தலையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். இதை வெட்டியவர் இவர்தான் என்று ஜெர்மனில் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னான். வாலிபன் காதோரத்தைப் பார்த்தான், பின்கழுத்தைப் பார்த்தான். பின்னேரம் வேலைக்கான நேர்முகம் ஒன்று இருக்கிறதாம். இதே மாதிரி வெட்ட முடியுமா என்று கேட்டான்.

சோதனை மண்டபத்தில் அந்த வாலிபன் என் முன்னால் இருந்தான்; கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சான் உட்கார்ந்திருந்தான். சந்தேகம் வரும்போதெல்லாம் நிமிர்ந்து அவன் தலையைப் பார்த்தேன். அவனும் விளங்கிக்கொண்டு, ஒருமுறை இடக்காதையும் ஒருமுறை வலக்காதையும் திருப்பிக் காட்டினான். பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படிப் பார்த்தெழுதியதில்லை.

பாஸ் என்று சொன்னபோது வெட்கமில்லாமல் அழுதேன்.

சான்றிதழ் இப்போது சலூனில் கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. மாதம் ஒருமுறை மச்சான் வந்து, "இது என்ர தலையால கிடைச்சது" என்று இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். பிறகு என் கதிரையைத் தாண்டிப் போய், முதலாளியின் கதிரையில் உட்காருகிறான்.