ஜன்னலோரத்து மூன்று துண்டுகள்

லென்ஸில் கண்ணை வைத்துவிட்டால் முத்துச்செல்வி யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். இடது கை மட்டும் உயரும்; பொறு என்று அர்த்தம். முதலாளி வந்தாலும் அதே கைதான். எதிரே இயந்திரம் ஓர் எஃகுத் துண்டை இழுத்து விடுகிறது, மறுபடி இழுக்கிறது. பத்தாயிரம் இழுப்புக்கு ஒருமுறை, அதிலுள்ள விரிசல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுவார். "இன்னைக்கு அவன் அசையல" என்பார். விரிசல் அவருக்கு 'அவன்'.

முத்தையாபுரத்தில் தாணுலிங்கம் அண்ணாச்சி நடத்தும் சின்ன சோதனைக்கூடம் அது. எங்கோ ஒரு கடற்கரை அணுமின் நிலையத்தில் பதித்த குழாயின் மிச்சத்திலிருந்து வெட்டிய பன்னிரண்டு துண்டுகள் வந்திருந்தன. விரிசல் வளரும் வேகத்தை இங்கே சொன்னால், அந்தக் குழாயை அடுத்து எப்போது சோதிப்பது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

பதினாறு வருஷமாக இதே வேலை. வீட்டுச் சுவர் விரிசலின் நுனியிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டிருக்கிறார். வெள்ளையடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். மினி பஸ் கம்பியைத் தடவிப் பார்த்து, "வெல்டு விட்டிருக்கு, பாக்க மாட்டியளா?" என்று கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பார். தினமும் அதே பஸ்ஸில் கூடப் போகிற நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த முறை இயந்திரம் பழுதாகி இரண்டு மாதம் நின்றது. அந்த இரண்டு மாதமும் மூன்று துண்டுகள் உப்பளத்தைப் பார்த்த ஜன்னலோரமே கிடந்துவிட்டன. இயந்திரம் மறுபடி ஓடியபோது, மற்ற ஒன்பதில் விரிசல் மெல்ல நகர்ந்தது; அந்த மூன்றில் ஓடியது. ஒன்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் குழாய்க்குப் பத்து வருஷம் கவலையில்லை. மூன்றையும் சேர்த்தால் நாலே வருஷம்.

அன்று பஸ்ஸுக்கு அவரை அழைக்க உள்ளே போனேன். மூன்றையும் விட்டுவிட்டு அண்ணாச்சி அறிக்கையை அச்சடித்தே வைத்திருந்தார்.

"உப்புக்காத்து பட்ட துண்டும்மா. அதுல வார நம்பரு ஒரு நம்பரா? கையெழுத்தப் போடு."

"ஜன்னலோரம் போட்டது நம்ம தப்புதான் அண்ணாச்சி. அதையும் எழுதுங்க. அங்கன மட்டும் என்ன, பன்னீர்க் காத்தா வீசுது? அதுவும் கடக்கரதான?"

"ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

"குழாய் வெடிச்சா, அங்கன வேல பாக்கவன் வீட்ல போயி நீங்க சொல்லுவியளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளில் எழுதாவிட்டால் விரிசல் வளராமல் நின்றுவிடுமா? அளந்து சொன்னவர் வம்பு பிடித்தவராம். அளந்ததை ஒளித்தவர் பிழைக்கத் தெரிந்தவராம். என்ன நியாயம் இது!

முத்துச்செல்வி குரலை உயர்த்தவில்லை. அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்திடும் இடத்தில் அச்சாகியிருந்த தன் பெயரை ஒரே கோட்டில் அடித்தார். அதன் மேல் நிதானமாக, இனிஷியலோடு, அண்ணாச்சியின் பெயரை எழுதினார். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினார். அண்ணாச்சியின் கை மேசையை விட்டு எழவில்லை.