ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தபோது எழுதிய கடிதம்

எண்பதுகளில் வடக்கே தலைநகரில், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் சினைப்பையில் இருந்த கட்டியை அகற்றிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்று தெரியப் பத்து நாளாகும் என்றார்கள்.

என் ஒன்பது வயது மகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கணவர் ஆபீஸ் போனதும் தினமும் உட்கார்ந்து அவளுக்குக் கடிதம் எழுதினேன். வயதுக்கு வந்தால் யாரிடம் கேட்க வேண்டும், அப்பாவிடம் எதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவள் பிறந்த அன்று நான் எப்படி அழுதேன் என்று பதினாறு பக்கம் வந்தது.

எட்டாம் நாள், பள்ளியிலிருந்து வந்தவள் ஒரு தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள்.

"அம்மா, இதுல க்யா லிக்கா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று பாதி இந்தியில் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் படிக்கத் தெரியும். தமிழை அப்புறம் சொல்லிக்கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டவள் நான்தான்.

"சாம்பார்ப் பொடிக்கு அளவு" என்றேன்.

"அச்சா" என்று தாளை வைத்துவிட்டு விளையாடப் போனாள்.

புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மறுநாளே அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை.

இன்று அவளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நானே படித்துக் காட்டலாம்தான். ஆனால் அது, நான் இல்லாதபோது அவள் படிப்பதற்காக எழுதியது.