குழாய்க்கு நடுவே ஒரு ரப்பர்

ஜூஜுவாடிப் பக்கம் நாங்கள் பண்ணையாட்களாக இருந்த வீட்டுக்குக் கரண்ட் வந்தது ஐம்பதுகளின் நடுவில். மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வயர்மேன், எர்த்துக் கம்பியைப் பின்சுவரில் ஓடிய தண்ணீர்க் குழாயில் முறுக்கிக் கட்டினார். குழாய் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்குவதால், கரண்ட் எங்கே கசிந்தாலும் அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடுமாம். ஆபத்தென்றால் மெயின் சுவிட்சைக் கீழே இழுக்க வேண்டும் என்று, ஏணி பிடித்து நின்ற அப்பாவிடமும் சொன்னார். சுவிட்சு இருந்த உள்கூடத்தில் நாங்கள் கால் வைக்கக் கூடாது.

அதே குழாய்தான் மாட்டுக்கொட்டகைக்கு வந்து எங்களுக்கும் தண்ணீர் கொடுத்தது. அது வீட்டுக்கார அம்மாளுக்கு உறுத்தியது. நாங்கள் குழாயைத் தொட்டால் தீட்டு இரும்பு வழியாகவே அடுப்படிக்கு வந்துவிடுமாம். சுவரோரம் குழாயை அறுத்து, நடுவே ஒரு முழம் ரப்பர்க் குழாயைச் செருகினார்கள். அடுப்படிக் குழாய் கிணற்றோடு இருந்துகொண்டது. எர்த்துக் கம்பி மட்டும் எங்கள் பக்கத்துத் துண்டில் தங்கிவிட்டது. கல்தூணில் கட்டியிருந்த அந்தத் துண்டு மண்ணைத் தொடவேயில்லை. தீட்டு நின்றதோ என்னவோ, கரண்ட் போக வழியில்லாமல் போயிற்று.

அடைமழையில் ஒருநாள் காலை சுவர் ஊறி, வயரில் கசிந்த கரண்ட் எர்த்துக் கம்பி வழியாக எங்கள் குழாய்த் துண்டுக்கு வந்திருக்கிறது. கொட்டகை வேலை முடித்த அம்மா கை கழுவக் குழாயைத் திருகினாள். ஈரமண்ணில் வெறுங்கால். பிடித்த கை வரவில்லை. அவளைத் தொட ஓடிய என்னை அப்பா தள்ளிவிட்டு, பின்வாசலில் நின்று கத்தினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி கத்தினார். பிறகு சேற்றுக் காலோடு உள்ளே ஓடிச் சுவிட்சை இழுத்தார்.

அம்மா பிழைத்தாள். வலதுகை விரல்கள் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

அவளைக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். அம்மா பக்கம் திரும்பவில்லை.

“ஒரு கொரல் குடுத்திருந்தா நாங்களே நிறுத்தியிருப்பமில்ல. உள்ள எதுக்குடா வந்த?”

“கொரல் குடுத்தன் சாமி” என்றார் அப்பா.

அன்றே எங்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நாங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா மிதித்த இடமெல்லாம் சாணி கரைத்துத் தெளித்து, வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அது அன்று காலை அம்மா கையால் அள்ளி வைத்த சாணி.